16 மெகாஹெர்ட்ஸ் எப்படி 320 ஹெர்ட்ஸ் ஆனது? டிஜிட்டல் ஸ்கோப் சிக்னலைப் பதிவுசெய்யும் விதம்

16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஓடும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரை எடுத்துக்கொள்வோம். அதன் கிளாக் வெளியே வரும் பின்னில் ஸ்கோப்பின் தொடுமுனையான புரோபை வைத்து, டைம்பேஸை (திரையின் ஒரு கட்டம் எவ்வளவு நேரத்தைக் குறிக்கும் என்ற அமைப்பை) ஒரு கட்டத்துக்கு 1 மில்லிவினாடி என்று திருப்பி, ஓட்டத்தை நிறுத்துகிறோம். டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ்1002 போன்ற பழைய டிஜிட்டல் ஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் அலைக்காட்டி) என்றால், திரையில் மூன்று அலைகள் பளிச்சென்று நிற்கக்கூடும். அளந்தால் 320 ஹெர்ட்ஸ். அந்த போர்டில் 320 ஹெர்ட்ஸில் ஓடும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. ஸ்கோப்பும் கெடவில்லை, புரோபும் கெடவில்லை. ஸ்கோப் தன் விதிப்படிதான் வேலை செய்திருக்கிறது. அந்த விதி தெரியாதவர் போர்டில் இல்லாத பழுதை நாள் முழுக்கத் தேடுவார்.

பழைய அனலாக் ஸ்கோப்பில் இந்தக் குழப்பம் கிடையாது. அங்கே சிக்னலே எலக்ட்ரான் கற்றையை மேலும் கீழும் இழுத்தது. 16 மெகாஹெர்ட்ஸ் வந்தால் திரை முழுக்கப் பச்சைப் பட்டையாக நிரம்பும், அவ்வளவுதான். டிஜிட்டல் ஸ்கோப் நமக்குக் காட்டுவது சிக்னலை அல்ல. இடைவெளி விட்டு எடுத்த அளவுகளை (சாம்பிள்களை) நினைவகத்தில் போட்டு, பிறகு அவற்றை இணைத்து வரைந்த படத்தைக் காட்டுகிறது.

## சிக்னல் கடந்துவரும் பாதை

1. புரோப்: 10 மடங்கு நிலையில் சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து உள்ளே அனுப்புகிறது. அதன் டிரிம்மர் சரியாக அமைந்திருக்காவிட்டால் சதுர அலையின் மூலை வட்டமாகும் அல்லது கூர்மையாக எகிறும். 1 மடங்கு நிலையில் பெரும்பாலான புரோப்கள் சில மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. இங்கே இழந்ததை உள்ளே எவ்வளவு வேகமாக சாம்பிள் எடுத்தாலும் மீட்க முடியாது.

2. உள்ளீட்டு ஆம்ப்ளிஃபயர்: வோல்ட்/கட்டம் திருகைத் திருப்பும்போது இதன் பெருக்கம் மாறுகிறது. ஸ்கோப்பின் பேண்ட்விட்த், அதாவது எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை அது தாங்கும் என்பது, பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் என்றால் 50 மெகாஹெர்ட்ஸில் 1 வோல்ட் சைன் அலை ஏறத்தாழ 0.7 வோல்ட்டாகத் தெரியும் என்று பொருள். அதுவரை முழு அளவில் தெரியும் என்று பொருள் அல்ல. ஏறுநேரம், அதாவது சிக்னல் கீழிருந்து மேலே தாவும் விளிம்பு 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்கு ஏற எடுக்கும் நேரம், தோராயமாக 0.35 வகுத்தல் பேண்ட்விட்த். 50 மெகாஹெர்ட்ஸுக்கு அது 7 நானோவினாடி. 5 நானோவினாடியில் ஏறும் உண்மையான விளிம்பு இந்த ஸ்கோப்பில் 8.6 நானோவினாடியாகத் தெரியும், இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் எடுத்தால் வருவது அதுதான்.

3. ஏடிசி: அந்தந்த நொடிப்பொழுதின் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சிப். சாம்பிள் என்பது இந்த ஓர் எண். ரைகால் டிஎஸ்1054இசட் போன்ற ஸ்கோப்பில் வினாடிக்கு 100 கோடி சாம்பிள், அதாவது 1 நானோவினாடிக்கு ஒன்று.

4. சாம்பிள் குறைப்பு: ஏடிசி எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடுகிறது. அத்தனையையும் வைத்துக்கொள்ள இடம் போதாதபோது, இத்தனைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுகிறது. குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில் பிறக்கின்றன.

5. நினைவகமும் ட்ரிகரும்: எஞ்சிய சாம்பிள்கள் வரிசையாக எழுதப்படுகின்றன. எந்தத் தருணத்தைத் திரையின் நடுவே வைப்பது என்று ட்ரிகர், அதாவது நாம் அமைத்த நிபந்தனையை (ஒரு விளிம்பு வருவது போன்றதை) கவனிக்கும் சுற்று, முடிவுசெய்கிறது.

6. வரைதல்: நினைவகத்தில் உள்ள லட்சக்கணக்கான புள்ளிகளைச் சில நூறு பிக்சல் அகலத்துக்குள் அடக்கி, கோடாக இணைக்கிறது.

## பெட்டியில் எழுதிய வேகம், திரையில் எழுதிய வேகம்

விளம்பரத்தில் உள்ள 100 கோடி என்பது உச்ச வேகம். எப்போதும் கிடைக்கும் வேகம் அல்ல. அதை இரண்டு விஷயங்கள் குறைக்கின்றன.

முதலாவது, ஓடும் சேனல்களின் (உள்ளீடுகளின்) எண்ணிக்கை. டிஎஸ்1054இசட்டில் ஒரு சேனல் மட்டும் ஓடினால் 100 கோடி. இரண்டைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் 50 கோடி. மூன்றோ நான்கோ திறந்தால் 25 கோடி. நினைவகமும் அதேபோல் பங்கிடப்படுகிறது: தனியாக 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள், இருவராக 60 லட்சம், நால்வராக 30 லட்சம். பார்க்காத சேனலைத் திறந்து வைத்திருப்பது வெறும் அலங்காரம் அல்ல, உங்கள் வேகத்தைத் தின்கிறது. 2023இல் வந்த ரைகாலின் 12 பிட் டிஎச்ஓ800 வரிசையிலும் இந்தப் பங்கீடு போகவில்லை: ஒரு சேனலுக்கு 125 கோடி, நான்குக்கு 31.25 கோடி.

இரண்டாவது, அதைவிடப் பெரியது: நினைவகம். கணக்கு ஒரே வரி.

உண்மையான சாம்பிள் வேகம் = நினைவகப் புள்ளிகள் ÷ (ஒரு கட்டத்தின் நேரம் × கட்டங்களின் எண்ணிக்கை)

விடை ஏடிசியின் உச்சத்தைத் தாண்டினால் உச்சமே கிடைக்கும். குறைந்தால் குறைந்ததுதான் கிடைக்கும்.

டிஎஸ்1054இசட்டின் திரையில் குறுக்கே 12 கட்டங்கள். ஒரு சேனல், முழு நினைவகம் என்றால்:

- 1 மில்லிவினாடி/கட்டம்: மொத்தம் 12 மில்லிவினாடி, வினாடிக்கு 100 கோடி சாம்பிள். முழு வேகத்தின் எல்லை சரியாக இங்கே.
- 10 மில்லிவினாடி/கட்டம்: 10 கோடி.
- 100 மில்லிவினாடி/கட்டம்: 1 கோடி.
- 1 வினாடி/கட்டம்: 10 லட்சம்.

டிடிஎஸ்1002இன் உச்ச வேகமும் அதே 100 கோடிதான். ஆனால் அதன் பதிவு நீளம் 2,500 புள்ளிகள், திரையில் 10 கட்டங்கள். 250 நானோவினாடி/கட்டம் வரை முழு வேகம். 1 மில்லிவினாடி/கட்டத்துக்கு வந்தால் 10 மில்லிவினாடியை 2,500ஆல் வகுக்க வேண்டும்: 4 மைக்ரோவினாடிக்கு ஒரு சாம்பிள், வினாடிக்கு இரண்டரை லட்சம். பெட்டியில் ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு கருவிகள், ஒரே திருகு நிலையில் 4,000 மடங்கு வேறுபடுகின்றன. ஸ்கோப் வாங்கும்போது நினைவகத்தைக் கடைசி வரியில் பார்ப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

## 320 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது

ஓடும் மின்விசிறியைக் கைபேசியில் படம் பிடித்தால் இறக்கைகள் மெதுவாகச் சுற்றுவதுபோலவும் சில நேரம் பின்னோக்கிப் போவதுபோலவும் தெரியும். கேமரா ஒரு ஃபிரேம் எடுத்து அடுத்த ஃபிரேம் எடுப்பதற்குள் இறக்கை பல சுற்றுகள் வந்துவிடுகிறது, இடையில் நடந்தது பதிவாவதில்லை. ஸ்கோப்பிலும் இதேதான். இதற்கு ஏலியாசிங் என்று பெயர், போலி அலை என்று சொல்லலாம்.

ஒரு சைன் அலையைச் சரியாக மீட்டெடுக்க, அதன் அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் சாம்பிள் வேகம் வேண்டும். 1928இல் ஹாரி நைக்விஸ்ட் தந்தி சமிக்ஞைகளை ஆராய்ந்தபோது அடித்தளமிட்டு, 1949இல் கிளாட் ஷானன் முழுமையாக எழுதிய விதி இது. சரியாக இரு மடங்கு போதாது. ஒவ்வொரு சாம்பிளும் அலை சுழியைக் கடக்கும் இடத்திலேயே விழுந்தால் திரையில் நேர்கோடுதான் வரும்.

இப்போது நம் கிரிஸ்டல். சாம்பிள் வேகம் 2,50,000. அதன் 64 மடங்கு சரியாக 1,60,00,000. அதாவது இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே 64 முழு அலைகள் ஓடிவிடுகின்றன, அடுத்த சாம்பிள் அலையின் அதே இடத்தில் விழுகிறது. கிரிஸ்டலும் ஸ்கோப்பின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போனால் திரையில் ஒரு நேர்கோடு தெரியும். ஆனால் எந்த இரு கிரிஸ்டலும் அப்படி ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்துக்கு 20 பங்கு வேறுபாடு மிகச் சாதாரணம். 16 மெகாஹெர்ட்ஸில் அது 320 ஹெர்ட்ஸ். அந்த வேறுபாட்டால் ஒவ்வொரு சாம்பிளும் அலையில் 0.00128 பங்கு தள்ளி விழுகிறது. 781 சாம்பிள்கள் சேர்ந்தால் ஒரு முழு அலையின் உருவம் கிடைத்துவிடும். 2,500 புள்ளியில் 3.2 அலைகள். திரையில் தெரிந்த மூன்று சொச்சம் இவைதான்.

பொதுக் கணக்கு: சிக்னலின் அதிர்வெண்ணிலிருந்து, சாம்பிள் வேகத்தின் மிக அருகிலுள்ள முழு மடங்கைக் கழித்தால் கிடைப்பது போலி அதிர்வெண். இதே 16 மெகாஹெர்ட்ஸை வினாடிக்கு 1 கோடி வேகத்தில் பிடித்தால் அருகிலுள்ள மடங்கு 2 கோடி, எனவே 4 மெகாஹெர்ட்ஸாகத் தெரியும்.

உள்ளீட்டில் உள்ள வடிகட்டி இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். அந்த வடிகட்டி ஏடிசியின் முழு வேகத்துக்காக அமைக்கப்பட்டது. டைம்பேஸைத் திருப்பினால் வைத்துக்கொள்ளும் சாம்பிள்கள்தான் குறைகின்றன. ஆம்ப்ளிஃபயரின் பேண்ட்விட்த் அப்படியே இருக்கிறது. டிடிஎஸ்1002இன் 60 மெகாஹெர்ட்ஸ் கதவு திறந்தே கிடக்க, உள்ளே எண்ணுபவர் மட்டும் தூங்கி வழிகிறார்.

## போலி அலையைப் பிடிக்க

1. திரையின் ஓரத்தில் எழுதியிருக்கும் சாம்பிள் வேகத்தை முதலில் படியுங்கள். எதிர்பார்க்கும் அதிர்வெண்ணின் 5 மடங்குக்குக் கீழே இருந்தால் அலையின் உருவத்தை நம்ப வேண்டாம்.
2. டைம்பேஸை வேகமான பக்கம் திருப்புங்கள். உண்மையான அலை கணக்குப்படி விரியும். போலி அலை திடீரென்று வேறு அதிர்வெண்ணாக மாறும் அல்லது காணாமல் போகும்.
3. ட்ரிகர் பிடித்துவிட்டது என்று ஸ்கோப் சொல்லியும் அலை நில்லாமல் வழுக்கிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். ட்ரிகர் சுற்று உண்மையான விளிம்பைப் பார்க்கிறது, நினைவகமோ போலியைப் பதிகிறது, இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. ஓட்டத்தை நிறுத்திய உடனே அது அழகான அலையாக நிற்பதுதான் இதில் உள்ள வஞ்சகம்.
4. ஸ்கோப்பில் ஹார்டுவேர் அதிர்வெண் கவுன்ட்டர் இருந்தால் அதை இயக்குங்கள். அது ட்ரிகர் விளிம்புகளை நேரடியாக எண்ணுவதால் 16 மெகாஹெர்ட்ஸ் என்றே காட்டும். தானியங்கி அளவீடு பதிவான புள்ளிகளிலிருந்து கணக்கிடுவதால் 320 என்று காட்டும்.
5. மெமரி டெப்த் மெனுவைப் பாருங்கள். யாரோ முன்பு 12 ஆயிரம் புள்ளி என்று அமைத்துவிட்டுப் போயிருந்தால், டிஎஸ்1054இசட்டும் 1 மில்லிவினாடி/கட்டத்தில் வெறும் 10 லட்சம் வேகத்துக்கு இறங்கிவிடும். அங்கும் அதே 320 ஹெர்ட்ஸ் காட்சிதான்.

## எறியப்படும் சாம்பிள்களுக்கு மறுவாழ்வு

அக்விசிஷன் மெனுவில் உள்ள வகைகள் எல்லாம், எறியப்போகும் சாம்பிள்களை என்ன செய்வது என்பதற்கான வெவ்வேறு பதில்கள்.

சாதாரண முறையில் ஒன்றை வைத்து மற்றவற்றை எறிகிறது. 4,000 சாம்பிளில் ஒன்று மட்டும் தங்குகிறது என்றால், 20 நானோவினாடி அகலமுள்ள ஒரு கூரிய துடிப்பு பதிவாவதற்கான வாய்ப்பு 200இல் ஒன்று.

பீக் டிடெக்ட் முறை, அந்த 4,000இல் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் தேடி வைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன துடிப்பு இப்போது தப்பாது. நம் 16 மெகாஹெர்ட்ஸும் போலி அலையாகத் தெரியாமல் தடித்த பட்டையாகத் தெரியும், அனலாக் ஸ்கோப்பில் தெரிந்ததைப் போலவே. சந்தேகம் வந்தால் முதலில் அழுத்த வேண்டிய பொத்தான் இதுதான். ஆனால் இதிலேயே விட்டுவிடக் கூடாது: ஒவ்வொரு இடைவெளியிலும் உச்சம் மட்டும் எடுக்கப்படுவதால் இரைச்சல் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், ஏறுநேர அளவீடும் பொருளற்றதாகிவிடும்.

ஹை ரெசல்யூஷன் முறை, அடுத்தடுத்த சாம்பிள்களைச் சராசரி எடுக்கிறது. சீரற்ற இரைச்சல் கொஞ்சம் கலந்திருந்தால், 4 சாம்பிளைச் சராசரியாக்க 1 பிட், 16ஐச் சராசரியாக்க 2 பிட் என்று நுணுக்கம் கூடும். விலையாக பேண்ட்விட்த் குறையும். மெதுவான சென்சார் சிக்னலுக்கு நன்று, ஸ்விட்சிங் விளிம்பைப் பார்க்க ஆகாது.

ஆவரேஜ் வேறு சங்கதி. அது ஒரே அலையின் பல பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுக்கிறது. 64 முறை எடுத்தால் இரைச்சல் எட்டில் ஒன்றாகும். திரும்பத் திரும்ப வரும் சிக்னலுக்கு மட்டுமே பொருந்தும். ட்ரிகர் தடுமாறினால் விளிம்புகள் கரைந்துபோகும். எப்போதாவது வரும் பழுதைத் தேடும்போது ஆவரேஜைப் போடுவது அந்தப் பழுதை நாமே அழிப்பதற்குச் சமம்.

## புள்ளிகளுக்கு நடுவே

இரண்டு சாம்பிள்களுக்கு இடையில் என்ன நடந்தது என்று ஸ்கோப்புக்குத் தெரியாது. அது ஊகித்து வரைகிறது. நேர்கோட்டால் இணைக்கும் முறையில் நம்பகமான உருவத்துக்கு சாம்பிள் வேகம் சிக்னலைப்போல் 10 மடங்கு வேண்டும். சைன் எக்ஸ் வகுத்தல் எக்ஸ் என்ற கணிதச் சார்பால் இணைத்தால் பேண்ட்விட்தைப்போல் 2.5 மடங்கு போதும், அதனால்தான் மலிவு ஸ்கோப்புகள் அதை நம்பியிருக்கின்றன.

ஆனால் சாம்பிள் வேகம் தாங்காத அளவுக்குச் செங்குத்தான விளிம்பு வந்தால் இந்தச் சார்பு விளிம்பின் இரு பக்கமும் சிற்றலைகளைச் சேர்த்துவிடும். விளிம்புக்குப் பின் வரும் அதிர்வு உண்மையாக இருக்கலாம், புரோபின் நீளமான தரைக் கம்பிகூட அதை உண்டாக்கும். விளிம்புக்கு முன்பே அதிர்வு தொடங்கினால் அது சுற்றில் இல்லை, அடி விழும் முன்னே எந்தச் சுற்றும் அழாது. டிஸ்ப்ளே மெனுவில் புள்ளிகள் மட்டும் என்று மாற்றினால் எத்தனை உண்மையான சாம்பிள்களின் மேல் அந்தக் கோலம் போடப்பட்டிருக்கிறது என்று தெரியும்.

## ட்ரிகருக்கு முந்தைய காலம்

சப்ளை விழுந்த கணத்துக்கு முன் என்ன நடந்தது என்று டிஜிட்டல் ஸ்கோப்பால் காட்ட முடிகிறது. காரணம், நினைவகம் ஒரு வட்டம். ஸ்கோப் இடைவிடாமல் எழுதிக்கொண்டே போகிறது, இடம் தீர்ந்தால் மிகப் பழையதன் மேல் எழுதுகிறது. ட்ரிகர் வந்ததும் உடனே நிற்பதில்லை. ட்ரிகர் புள்ளி திரையின் நடுவே என்றால், இன்னும் பாதி நினைவகம் நிறையும்வரை எழுதிவிட்டு நிற்கிறது. அந்த வட்டத்தில் மீதிப் பாதி, ட்ரிகருக்கு முந்தைய வரலாறு.

ஒருமுறை மட்டும் வரும் நிகழ்வைப் பிடிக்கும்போது ஆட்டோ முறையில் வைத்திருப்பதுதான் வழக்கமான பிழை. ட்ரிகர் வராவிட்டாலும் ஆட்டோ தானாகவே ஒரு பதிவைக் கட்டாயமாக எடுத்துவிடும், நீங்கள் காத்திருந்த நிகழ்வு அடுத்த பதிவால் அழிந்துபோகும். ஒரே பதிவோடு நின்றுவிடும் சிங்கிள் முறையில் வைத்து, ட்ரிகர் புள்ளியைத் திரையின் இடப்பக்கமாக நகர்த்தினால் நிகழ்வுக்குப் பிந்தைய நேரம் அதிகம் கிடைக்கும். காரணத்தைத் தேடுகிறீர்கள் என்றால் வலப்பக்கமாக நகர்த்துங்கள்.

## கண் மூடியிருக்கும் நேரம்

ஒரு பதிவை எடுத்து முடித்ததும் ஸ்கோப் அதைக் கணக்கிட்டு வரைய வேண்டும். அதுவரை வரும் சிக்னலை அது பார்ப்பதில்லை. டிஎஸ்1054இசட்டுக்குச் சொல்லப்படும் உச்ச வேகம் வினாடிக்கு 30,000 பதிவுகள். கேட்க மலைப்பாக இருக்கிறது. 50 நானோவினாடி/கட்டத்தில் ஒரு பதிவு 600 நானோவினாடி. 30,000 பதிவுகளும் சேர்ந்து 18 மில்லிவினாடி. ஒரு வினாடியில் 98.2 விழுக்காடு நேரம் கண் மூடியே இருக்கிறது. வினாடிக்கு ஒருமுறை வரும் பழுதைத் தற்செயலாகக் காண சராசரியாக 56 வினாடி உற்றுப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

இதற்குப் பொறுமை தீர்வல்ல. பழுதையே ட்ரிகராக்க வேண்டும்: இயல்பான துடிப்பு 500 நானோவினாடி என்றால், 400க்குக் குறைவான துடிப்பு வந்தால் மட்டும் நிற்கும்படி பல்ஸ் விட்த் ட்ரிகரை அமைக்கலாம். ட்ரிகர் சுற்று அதுவரை கண் மூடாமல் காத்திருக்கும்.

## உயரத்துக்கு 256 படிகள்

8 பிட் ஏடிசி மின்னழுத்தத்தை 256 படிகளாகப் பிரிக்கிறது. 8 கட்ட உயரத்தில் 1 வோல்ட்/கட்டம் வைத்தால் ஒரு படி 31 மில்லிவோல்ட். திரைக்கு மேலும் கீழும் கொஞ்சம் இடம் ஒதுக்கி, ஒரு கட்டத்துக்கு 25 படி மட்டும் தரும் ஸ்கோப்புகளில் 40 மில்லிவோல்ட். 5 வோல்ட் சப்ளையில் உள்ள 20 மில்லிவோல்ட் ரிப்பிளை (சிறு ஏற்ற இறக்கத்தை) இந்த நிலையில் தேடினால் ஒரு படிகூட மாறாமல் போகலாம். நிலையான மின்னழுத்தத்தைத் தடுத்து மாறும் பகுதியை மட்டும் விடும் ஏசி கப்ளிங்குக்கு மாற்றி 10 மில்லிவோல்ட்/கட்டம் வைத்தால் ஒரு படி 0.3 மில்லிவோல்ட் ஆகிவிடும். பதிவு முடிந்தபின் படத்தைப் பெரிதாக்குவது இதற்கு ஈடாகாது, பெரிதாவது படிக்கட்டுகள் மட்டுமே.

மறுபக்கம், சிக்னலைத் திரைக்கு வெளியே தள்ளி அதன் அடிப்பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பதும் ஆபத்து. ஆம்ப்ளிஃபயர் எல்லை மீறி நிறைந்து, மீண்டுவர நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் தெரியும் வளைவு உங்கள் சுற்றில் உள்ள மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டருடையது அல்ல.

## கோப்பாகச் சேமிக்கும்போது

யுஎஸ்பியில் சிஎஸ்வியாக (எண்களை வரிவரியாக வைக்கும் உரைக் கோப்பாக) சேமிக்கும்போது திரை, நினைவகம் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். டிஎஸ்1054இசட்டில் திரை என்றால் 1,200 புள்ளிகள்தான் வெளியே வரும். 1 மில்லிவினாடி/கட்டத்தில் அவற்றின் இடைவெளி 10 மைக்ரோவினாடி, அதாவது வினாடிக்கு 1 லட்சம் சாம்பிள் மட்டும். உள்ளே 100 கோடி வேகத்தில் பதிவான தரவு, கோப்பில் வந்து சேரும்போது மறுபடி போலி அலைக்கு வழிவிடுகிறது. 115200 பாட் (வினாடிக்கு 1,15,200 பிட்) சீரியல் தரவில் ஒரு பிட் 8.7 மைக்ரோவினாடிதான், எனவே அந்தக் கோப்பிலிருந்து ஓர் எழுத்தையும் பிரித்தெடுக்க முடியாது.

நினைவகம் என்று தேர்ந்தால் 1 கோடியே 20 லட்சம் வரிகள் வரும். சேமிக்கப் பல நிமிடம் எடுக்கும், அதற்குள் யுஎஸ்பியைப் பிடுங்கிவிடக் கூடாது. திறக்கும்போது எக்செல் 10,48,576 வரிகளுடன் நின்றுவிடும், மீதி திரையில் தெரியாது. பைத்தான் போன்ற ஒன்றில் திறப்பது அல்லது பதிவெடுக்கும் முன்பே மெமரி டெப்த்தை 12 லட்சம் புள்ளிக்குக் குறைப்பது வழி. 12 லட்சமும் எக்செல் எல்லையைச் சற்றே தாண்டும், ஆகவே எக்செல்தான் வேண்டும் என்பவர் 1.2 லட்சத்துக்கு இறங்க வேண்டும். 1 மில்லிவினாடி/கட்டத்தில் அது வினாடிக்கு 1 கோடி சாம்பிள்: 115200 பாட் பிட் ஒன்றுக்கு 87 புள்ளிகள் கிடைக்கும், 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக் மட்டும் 4 மெகாஹெர்ட்ஸாகத் தெரியும்.